பதினோராவது கம்பம்

காய்ச்சல் போய் நாற்பது நாள்.
போகும்போது எதை எடுத்துக்கொண்டு போனதென்று
ஸ்டான்லியில் எடுத்த எக்ஸ்ரேயில் தெரியவில்லை.
"எல்லாம் நார்மல், இஸ்ரவேல்" என்றார் டாக்டர்.
அந்த நார்மலைக் கையில் வைத்துக்கொண்டு
மருந்துச் சீட்டு வரிசை முடிகிற பெஞ்சில்
அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்,
பஸ் ஸ்டாப் வரைக்கும் கால் வராமல்.

இருபத்திரண்டு வருஷமாக ரெஃபரி நான்.
வியாசர்பாடிப் பையன்களின் ஓட்டத்துக்கு
ஈடு கொடுத்து ஓடி ஆஃப்சைடு பிடித்தவன்.
இப்போது சட்டைக்குப் பட்டன் போட்டாலே மூச்சு வாங்குகிறது.
ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு
விசிலை ஊதிப் பார்த்தேன்.
உள்ளே இருக்கிற தக்கைக் குண்டு
புரண்டு படுத்தது.
அவ்வளவுதான்.

கஸ்தூரி குக்கர் வைத்தால்
மூணாவது விசிலுக்குள் என் கண் நிறைந்துவிடும்.
வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.
ராத்திரி ரெண்டு மணிக்கு
கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை
சத்தத்தை வைத்தே எண்ணுவேன்.
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு,
எண்ணிக்கை தவறினால் குப்பென்று வியர்க்கும்,
என்ன தப்பென்று சொல்லாமலே
யாரோ எனக்குச் சிவப்பு அட்டை நீட்டியது மாதிரி.

பிசியோ பர்வீன் என் பெண் வயசுக்காரி.
விரலில் கிளிப்பை மாட்டிவிட்டு
வராந்தாவில் ஆறு நிமிஷம் நடக்கச் சொன்னாள்.
நான் வேகமாக நடந்து காட்டினேன்.
அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என் உதட்டைப் பார்த்தாள்.
"யார்கிட்ட ஜெயிக்கறதுக்கு சார் இந்த வேகம்?
பேசிக்கிட்டே நடங்க.
பேச்சு உடைஞ்சா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்.
முடியாதப்ப நிக்கறது பெருசில்ல,
முடியறப்பவே நிக்கணும்."

தொண்ணூறு நிமிஷத்துக்கு முன்னால்
ஒருநாளும் நின்றதில்லை நான்.

பேச்சுத் துணைக்குக் கஸ்தூரி வந்தாள்.
முதல் வாரம் நாலு மின்கம்பம்.
நாலாவதுக்குக் கீழே கறிக்கடை நாய்
எங்களைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை.
சீட்டுப் பணம், தண்ணி லாரி, பக்கத்து வீட்டு மோட்டார்
என்று பேசிப் பேசித் தீர்ந்த ஒருநாள்
அவள் சொன்னாள்:
நான் ஆஸ்பத்திரியில் இருந்த பதினோரு நாளும்
என் ஷூவைத் துவைத்தாளாம்,
துவைத்துக் காய்ந்ததையே மறுபடியும்.
ஆறாவது கம்பத்தில் கை வைத்துக்கொண்டு
வெங்காய விஷயத்தை நானும் சொன்னேன்.
"தெரியும். வூட்ல வெங்காயமே இல்லாத அன்னிக்கும்
அதையே தான சொன்ன" என்றாள்.
சிரித்ததில் மூச்சு முட்டியது.
அது வேற முட்டல்.

நடுவில் ஒரு முட்டாள்தனம்.
ஜீவா ஸ்டேஷனில் ரயில் கிளம்புகிற நேரம்
ரெண்டு ரெண்டு படியாக ஏறிவிட்டேன்.
ரயில் கிடைத்தது.
அப்புறம் மூணு நாள்
சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன்.
"பரவால்ல சார்" என்றாள் பர்வீன் போனில்,
"ரெண்டு கம்பத்துலேர்ந்து ஆரம்பிங்க."
ரெண்டு.
நாய்க்கு என் மேல் இருந்த மரியாதையும் போயிருக்கும்.

பதினோராவது கம்பம் மைதானத்துச் சுவரை ஒட்டி நிற்கிறது.
அங்கே போய்ச் சேர ஆடி முடிந்துவிட்டது.
கஸ்தூரி தையல் கடைக்கு ஒதுங்க
பன்னிரண்டு வயசுக்குட்பட்டவர்களின் ஆட்டம்,
வர வேண்டிய ரெஃபரி வரவில்லை.
கோட்டுக்கு ஓரமாகப் பத்து நிமிஷம் மட்டும்,
பிளாஸ்டிக் நாற்காலி பக்கத்திலேயே
என்று பேசிக்கொண்டுதான் விசிலை எடுத்தேன்.

ஒல்லியான ஒருத்தன், பத்தாம் நம்பர் பனியன்,
முழங்கால் வரை தொங்குகிறது,
பந்துக்கு முன்னாலேயே ஓடிப்போய் நின்றிருந்தான்.
ஊதினேன்.
ஊதல் குட்டையாகத்தான் வந்தது.
ஆனால் வந்தது.
பையன் என்னிடம் ஓடிவந்து
கையை விரித்து நெஞ்சை நிமிர்த்தி,
"யோவ், கண்ணு தெர்ல? இன்னா ரெஃபரி நீ?"

இத்தனை மாசமாக
"உடம்பு எப்டி இருக்குண்ணே" என்று
தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டார்கள் எல்லோரும்.
ஒருத்தர் திட்டவில்லை.

திட்ட அவனிடம் இன்னும் நிறைய பாக்கி இருந்தது.
என்னிடமும் கொஞ்சம் மூச்சு இருந்தது.
அது இருக்கும்போதே
நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.